கேட்கத் தகுந்த ஒன்பது இசைத்தட்டுகள்

“இதையெல்லாம் பாட்டென்று எப்படித்தான் கேட்கிறாயோ!”

பொங்கல் விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது நம் சங்கத்து நண்பர் ஒருவர் என்னிடம் கூறிய சொற்கள் இவை. என் ஹெட்போனை வாங்கித் தம் காதில் வைத்துப் பார்த்தார். இரண்டு நிமிடம் பொறுத்தார். “இன்னும் பாட்டே தொடங்கவில்லையே!” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவர் கூறியது உண்மைதான். அந்தப் பாட்டில் பாடுபவரின் குரல் வருவதற்கு மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். நண்பர் இன்னும் சற்றுப் பொறுத்திருந்தால் அதைக் கேட்டிருப்பார். அன்று அவருக்கு விடை கூற நேரம் வாய்க்கவில்லை. அடுக்க வேண்டிய நாற்காலிகள் நிறைய இருந்தன. அந்த விடையைத்தான் இப்போது எழுதுகிறேன்.

மேலைநாட்டு இசையில் ஆல்டர்நேட்டிவ், போஸ்ட் ராக், கோத் என்று மூன்று வகைகள் உண்டு. கடைக்குப் போனால் மூன்றும் ஒரே அலமாரியில் அருகருகே இருக்கும். மூன்றும் ஒன்றல்ல. ஆனால் மூன்றுக்கும் பொதுவான பண்பு ஒன்று உண்டு. மனிதனுடைய துயரத்தையும் சினத்தையும் தனிமையையும் இவை மறைப்பதில்லை. விரைந்து முடித்துவிடவும் முயல்வதில்லை. அவற்றுக்கு வேண்டிய நேரத்தைக் கொடுக்கின்றன. வீட்டைவிட்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி வந்து படிக்கும் நமக்கு அந்த நேரம் எவ்வளவு தேவை என்பதை நான் பட்டறிந்தேன். அதைப் பிறகு கூறுகிறேன்.

ஒரு குறிப்பு: பல பாடல்களை ஒரு வரிசையில் கோத்து வெளியிடும் தொகுதியை ஆல்பம் என்கிறோம். அதை இக்கட்டுரையில் இசைத்தட்டு என்றே வழங்குகிறேன். இன்று நம்மில் பெரும்பாலோர் தட்டில் கேட்பதில்லை. ஆனாலும் சொல் நன்றாக இருக்கிறது; இருக்கட்டும்.

ஆல்டர்நேட்டிவ்: எதற்கு மாற்று?

ஆல்டர்நேட்டிவ் என்றால் மாற்று என்பது பொருள். எதற்கு மாற்று? 1980களில் அமெரிக்காவின் பெரிய வானொலி நிலையங்களில் இடம் கிடைக்காத குழுக்கள் பல இருந்தன. அவற்றுக்கு இடம் கொடுத்தவை சிறு இசை நிறுவனங்களும் மாணவர்கள் நடத்திய கல்லூரி வானொலிகளும் ஆகும். ஜார்ஜியா மாநிலத்தில் ஏதென்ஸ் என்னும் பல்கலைக்கழக ஊரில் 1980இல் தோன்றிய ஆர்.இ.எம். குழு அவ்வாறு வளர்ந்ததே. 1991இல் நிர்வானா குழுவின் ‘நெவர்மைண்ட்’ வெளிவந்தது. 1992 ஜனவரியில் அது மைக்கேல் ஜாக்சனின் ‘டேஞ்சரஸ்’ தட்டை அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதலிடத்திலிருந்து இறக்கிற்று. அன்றுமுதல் மாற்றாக இருந்ததே பெருவழக்காயிற்று. ஆகவே, பிறர் விருப்பத்துக்காகத் தன் குரலை மாற்றிக்கொள்ளாத இசை என்ற அளவில் இச்சொல்லுக்குப் பொருள் கொண்டால் போதும்.

இவ்வகையில் முதலில் நான் பரிந்துரைப்பது ஃபாண்டெய்ன்ஸ் டி.சி. குழுவின் ‘ஸ்கின்டி ஃபியா’ (2022). இவர்கள் டப்ளின் நகரத்தவர். அயர்லாந்தை விட்டு லண்டனுக்குக் குடிபெயர்ந்த பின் இத்தட்டை உருவாக்கினார்கள். இதன் முதற்பாடலுக்குப் பின்னே ஓர் உண்மை நிகழ்ச்சி இருக்கிறது. இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரில் வாழ்ந்து மறைந்த ஐரிஷ் மூதாட்டி ஒருவரின் கல்லறையில், ‘என்றும் எங்கள் நெஞ்சில்’ என்னும் பொருள்தரும் ஐரிஷ் சொற்களைப் பொறிக்க அவர் குடும்பத்தார் விரும்பினர். ஆங்கில மொழிபெயர்ப்பு இல்லாமல் பொறித்தால் அது ஓர் அரசியல் முழக்கமாகத் தோன்றக்கூடும் என்று கூறி, 2020இல் திருச்சபை நீதிமன்றம் மறுத்துவிட்டது. குடும்பத்தார் விடவில்லை. 2021இல் மேல்முறையீட்டில் வென்றார்கள். மறுக்கப்பட்ட அந்தச் சொற்களே பாட்டின் தலைப்பு. கோயிலில் கூட்டமாக நின்று பாடுவது போல அச்சொற்கள் மீண்டும் மீண்டும் ஒலிக்கப் பாட்டு தொடங்குகிறது.

இதைப் படித்தபோது நம் சங்கத்தின் அறிவிப்பு ஒன்று நினைவுக்கு வந்தது. தமிழில் மட்டும் எழுதி ஒட்டியிருந்தோம். மறுநாள் அதன் கீழே யாரோ பென்சிலால், “இது என்ன மொழி?” என்று எழுதியிருந்தார்கள். அன்று நாம் சிரித்தோம். பிறகு அறைக்குப் போய்ச் சிலர் சிரிக்கவில்லை. அந்தச் சிலருக்கு இத்தட்டு புரியும்.

இதே குழு 2024 ஆகஸ்டில் வெளியிட்டது ‘ரொமான்ஸ்’. முன்னதைவிட வேகமும் வண்ணமும் உடையது. ‘ஸ்டார்பர்ஸ்டர்’ என்ற பாட்டில், பாடுபவர் இடையிடையே மூச்சுத் திணறி இழுக்கும் ஒலி கேட்கும். லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் இரயில் நிலையத்தில் அவருக்கு ஏற்பட்ட பெரும் மனப்பதற்றத்திலிருந்து பிறந்த பாட்டு அது. தேர்வுக் கூடத்தின் வாயிலில் நின்று அப்படி மூச்சு இழுத்தவர்கள் நம்மிலும் உண்டு.

மூன்றாவது, பெத் கிப்பன்ஸ் அம்மையாரின் ‘லைவ்ஸ் அவுட்குரோன்’ (2024). போர்ட்டிஸ்ஹெட் என்ற குழுவில் பாடி 1994லேயே புகழ் பெற்றவர் இவர். தம் பெயரில் தனியாக இந்த முதல் தட்டை வெளியிடும்போது ஐம்பது வயதைக் கடந்திருந்தார். பத்தே பாடல்கள், உருவாக்கப் பத்தாண்டு ஆயிற்று. முதுமை, இழப்பு, தாய்மை ஆகியவற்றை மெல்லிய குரலில் பாடுகிறார். இருபது வயதில் இதைக் கேட்பவர்கள் தம் தாயாரைச் சற்று வேறு கண்ணோடு பார்ப்பார்கள் என்று நம்புகிறேன்.

போஸ்ட் ராக்: சொல் இல்லாத பாட்டு

ராக் இசையின் கருவிகள் நாம் அறிந்தவையே: கிதார், பேஸ் கிதார், டிரம்ஸ். இக்கருவிகளை வைத்துக்கொண்டே ராக் அல்லாத ஒன்றைச் செய்தால் என்ன? 1994இல் சைமன் ரெனால்ட்ஸ் என்னும் ஆங்கிலத் திறனாய்வாளர் அத்தகைய இசைக்குப் போஸ்ட் ராக் என்ற பெயரை வழக்குக்குக் கொண்டுவந்தார். பெயர் வருவதற்கு முன்பே வழி திறந்திருந்தது. டாக் டாக் குழுவின் ‘ஸ்பிரிட் ஆஃப் ஈடன்’ (1988), அமெரிக்காவில் ஸ்லின்ட் குழுவின் ‘ஸ்பைடர்லேண்ட்’ (1991) ஆகியவை முன்னோடிகள். கிப்பன்ஸ் அம்மையாரின் தட்டில் டிரம்ஸ் வாசிக்கும் லீ ஹாரிஸ், அந்த டாக் டாக் குழுவில் இருந்தவர்தாம்.

இவ்விசையில் பல்லவி, சரணம் என்ற அமைப்பைத் தேடக்கூடாது. பெரும்பாலும் பாடகரே இருக்கமாட்டார். ஒரு சிறு சுரக்கோவை மெல்லத் தொடங்கும். அது திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் ஒரு கருவி வந்து சேரும். பத்து நிமிடம் கழித்து அறையே அதிரும். பிறகு அடங்கும். ஊரில் கோடை மழை வருவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இயற்பியல் மாணவன் என்ற முறையில் இங்கே ஒரு செய்தி கூற வேண்டும். ஒலியளவு 10 டெசிபல் கூடினால் ஒலிச்செறிவு பத்து மடங்காகிறது. காதுக்கோ ஏறத்தாழ இரண்டு மடங்காகத்தான் தோன்றுகிறது. 30 டெசிபல் கூடினால் செறிவு 1,000 மடங்கு. காதுக்கு ஏறத்தாழ எட்டு மடங்கு. போஸ்ட் ராக்கின் உயிர் இந்த ஏற்றத்தில் இருக்கிறது. பேருந்தில் கேட்டால் மெல்லிய பகுதி முழுவதும் இரைச்சலில் மூழ்கிவிடும். மெல்லிய பகுதி கேட்கவில்லையே என்று ஒலியைக் கூட்டி வைத்தால், பின்னால் வரும் பேரொலி காதைத் தாக்கும். ஆகவே அமைதியான அறையில், அளவான ஒலியில் கேட்க வேண்டும்.

இவ்வகையில் நான்கு தட்டுகளைக் கூறுவேன்.

மாக்வாய் குழு ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரில் 1995இல் தோன்றியது. 2021இல் இவர்களுடைய ‘ஆஸ் தி லவ் கன்டினியூஸ்’ பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. பெரும்பாலும் சொல்லே இல்லாத இசை அவ்விடத்தை அடைவது எளிதன்று. 2025 ஜனவரியில் ‘தி பேட் ஃபயர்’ வந்தது. ‘கெட்ட நெருப்பு’ என்பது கிளாஸ்கோ உழைப்பாளி மக்கள் நரகத்தைக் குறிக்க வழங்கும் சொல். பெயருக்கு மாறாக, உள்ளே வெளிச்சம் நிறைய இருக்கிறது. புதிதாகத் தொடங்குவோர் இதில் தொடங்கலாம்.

காட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர் குழு கனடாவின் மான்ட்ரியால் நகரத்தது. 2024 அக்டோபரில் இவர்கள் வெளியிட்ட தட்டுக்குத் தலைப்பு இல்லை. ‘2024 பிப்ரவரி 13 வரை தலைப்பில்லை, 28,340 பேர் மாண்டனர்’ என்பதே அதன் மேல் இருக்கும் வரி. அன்றுவரை காசாவில் கொல்லப்பட்டோரின் எண்ணிக்கை அது. கவிதை எழுதலாம், கட்டுரை எழுதலாம், இவர்கள் ஓர் எண்ணை எழுதிவிட்டுக் கருவிகளை எடுத்தார்கள். செய்தித்தாளில் எண்களைப் படித்துப் படித்து மரத்துப்போன நமக்கு, ஓர் எண்ணோடு ஐம்பது நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்திருப்பது எளிய செயலாக இல்லை. நான் முதல்முறை பாதியில் நிறுத்திவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சிகுர் ரோஸ் ஐஸ்லாந்து நாட்டுக் குழு. செல்லோ வில்லால் கிதாரை இழைப்பது இவர்களின் தனி முறை. 2002இல் வெளியிட்ட தட்டு முழுவதையும் எந்த நாட்டு மொழியுமல்லாத, பொருளற்ற ஓசைகளாலேயே பாடினார்கள். கேட்பவர் தமக்குத் தோன்றியதை எழுதிக்கொள்ளட்டும் என்று உடன் தந்த ஏட்டை வெற்றுத் தாளாக விட்டார்கள். அவர்கள் பத்தாண்டு இடைவெளிக்குப் பின் 2023இல் வெளியிட்டது ‘ஔட்டா’. எட்டு என்று பொருள். முரசொலி அரிதாகவே வரும். மார்கழிப் பனியில் விடுதிச் சன்னல் வழியே எதுவும் தெரியாத காலையில் கேட்கத் தக்கது.

நான்காவது, ஜப்பானைச் சேர்ந்த மோனோ குழுவின் ‘ஓத்’ (2024 ஜூன்). சபதம் என்பது பொருள். இதைப் பதிவு செய்தவர் ஸ்டீவ் ஆல்பினி. நிர்வானாவின் ‘இன் யூடிரோ’வைப் (1993) பதிவு செய்தவரும் அவரே. தட்டு வெளிவருவதற்குச் சற்று முன், 2024 மே 7ஆம் நாள், தம் 61ஆம் வயதில் அவர் மறைந்தார். அதை அறிந்து கேட்கும்போது ஒவ்வொரு ஒலியிலும் ஓர் உழைப்பாளியின் கை தெரிகிறது.

கோத்: கறுப்பு உடையும் கண்ணீரும்

கோத் என்றதும் கறுப்பு உடை, கண்ணுக்கு மை, கல்லறைத் தோட்டம் என்று நினைப்போம். தவறில்லை. அதுவும் உண்டு. 1979 ஆகஸ்டில் பௌஹாஸ் என்னும் ஆங்கிலக் குழு ஒன்பது நிமிடத்துக்கு மேல் நீளும் ஒரு பாட்டை வெளியிட்டது. 1931இல் வந்த திரைப்படத்தில் டிராகுலாவாக நடித்த பேலா லுகோசியின் மரணம் அதன் பொருள். கோத் இசை அங்கே தொடங்கியது என்று பலரும் கூறுவர். 1982இல் லண்டனில் ‘பேட்கேவ்’ என்ற இரவு விடுதி இவர்களுக்கென்றே திறக்கப்பட்டது. லீட்ஸ் நகரத்துச் சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி குழுவில் டிரம்ஸ் வாசிக்க ஆள் இல்லை. ஓர் இயந்திரம்தான் வாசித்தது. அதற்கு ‘டாக்டர் அவலாஞ்ச்’ என்று பட்டத்தோடு பெயரும் இட்டிருந்தார்கள்! நம் ஆய்வுக்கூடத்துக் கருவிகளுக்கு நாம் பெயர் இடுவதில்லையா?

இதே 1979இல் ஜாய் டிவிஷன் குழு வெளியிட்ட ‘அன்னோன் பிளஷர்ஸ்’ தட்டு கோத் இசைக்கு மூத்த உறவு. அதன் அட்டையில் கறுப்பின் மேல் வெண்ணிற அலைக்கோடுகள் இருக்கும். விடுதியில் அந்தப் படம் போட்ட பனியனை அணிபவர்கள் நான்கு பேரையாவது பார்த்திருக்கிறேன். மலைத்தொடர் என்று ஒருவர் கூறினார். மலையன்று, முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்ட பல்சாரின், அதாவது துடிப்பு விண்மீனின், வானொலித் துடிப்புகள் அவை. துடிப்புக்கும் துடிப்புக்கும் இடைவெளி 1.337 வினாடி. 1967இல் கேம்பிரிட்ஜில் அதைக் கண்டறிந்தவர் ஜோஸலின் பெல். அப்போது அவருக்கு வயது 24, ஆய்வு மாணவி. 1974இல் அக்கண்டுபிடிப்புக்காக அளிக்கப்பட்ட நோபல் பரிசு அவருடைய வழிகாட்டிக்குச் சென்றது; அவருக்குக் கிட்டவில்லை. பனியனை அணிவோர் இதையும் அறிந்து அணியலாம்.

இவ்வகையில் இரு தட்டுகள். ஒன்று, பெலாரஸ் நாட்டு மின்ஸ்க் நகரில் தோன்றிய மல்ச்சாத் டோமா குழுவின் ‘பேலயா பலசா’ (2024). குழுவின் பெயருக்கு ‘வீடுகள் மௌனமாக இருக்கின்றன’ என்று பொருள். இயந்திரத் தாளம், குளிர்ந்த மின்னிசை, அடித்தொண்டையில் ரஷ்ய மொழிப் பாட்டு. சொல் விளங்காவிட்டாலும் கால் தாளம் போடும்.

மற்றொன்றுதான் நான் இக்கட்டுரை எழுதக் காரணமானது: கியூர் குழுவின் ‘சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்டு’. 2024 நவம்பர் 1ஆம் நாள் வெளிவந்தது. பதினாறு ஆண்டுகளுக்குப் பின் அவர்கள் வெளியிட்ட தட்டு, எட்டுப் பாடல்கள், ஏறத்தாழ 49 நிமிடம். பாடுபவர் ராபர்ட் ஸ்மித். அப்போது அவர் வயது 65. இடைப்பட்ட ஆண்டுகளில் தாயையும் தந்தையையும் அண்ணனையும் இழந்திருந்தார். அண்ணனுக்காக எழுதிய பாட்டு ஒன்று இதில் ஆறாவதாக வருகிறது. என்னால் ஒருபோதும் விடைகூற முடியாது என்பது அதன் தலைப்பு.

2024 டிசம்பரில் எங்கள் அப்பத்தா இறந்துபோனார்கள். மறுநாள் எனக்குத் தேர்வு. அப்பா தொலைபேசியில், “நீ இரண்டு இராத்திரி இரயிலில் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும், தம்பி. பரீட்சையை எழுதிவிட்டு வா” என்றார். எழுதினேன். நன்றாகவே எழுதினேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அதுதான் எனக்கு அச்சமாக இருந்தது. ஊரில் இருந்திருந்தால் பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்திருப்பார்கள், பறை ஒலித்திருக்கும், அழாதவனும் அழுதிருப்பான். இங்கே உணவுக்கூடத்தில் வழக்கம்போல் பருப்பும் ரொட்டியும் போட்டார்கள்.

என் அறைத்தோழர் ஷில்லாங்கைச் சேர்ந்தவர், அதிகம் பேசமாட்டார். செய்தியை அறிந்து, ஒன்றும் கூறாமல் தம் ஹெட்போனை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார். முதற்பாட்டிலிருந்து கேட்டேன். மூன்று நிமிடம் குரலே வரவில்லை. அந்த மூன்று நிமிடத்தில் யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை; ஆறுதலும் கூறவில்லை. ஆறாவது பாட்டில் அழுதேன். தட்டு முடிந்ததும் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, யார் யார் வந்தார்கள், யார் ஒப்பாரி எடுத்தார்கள், அப்பத்தாவுக்கு எந்தச் சேலை கட்டினார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அம்மா ஒரு மணி நேரம் பேசினார்கள்.

அந்த முதற்பாட்டைத்தான் பொங்கல் விழாவில் நம் நண்பர் இரண்டு நிமிடம் கேட்டார்.

துயரப் பாட்டு துயரத்தை மிகுவிக்காதா என்று கேட்போர் உண்டு. மிகுவிக்கலாம். எந்நேரமும் இதையே கேட்டுக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்பவரைக் கண்டால் கதவைத் தட்டுங்கள். பாட்டு ஒப்பாரியின் வேலையில் ஒரு பகுதியைத்தான் செய்யும். கட்டிப்பிடிக்கும் கை அதற்கில்லை. எனக்கு அது அம்மாவை அழைக்கும் அளவுக்கு வாயைத் திறந்துவிட்டது. அது போதும்.

எப்படிக் கேட்பது?

வரிசையை மாற்றாமல், முதலிலிருந்து கடைசி வரை கேளுங்கள். இடையில் கைப்பேசியைப் பார்க்க வேண்டாம். முதல்முறை பிடிக்காவிட்டால் ஒரு வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை கேளுங்கள். அப்போதும் பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள், குற்றமில்லை. பேண்ட்கேம்ப் என்னும் தளத்தில் பல குழுக்களின் தட்டுகளைக் கேட்டுப் பார்த்து, பிடித்தால் விலை கொடுத்து வாங்கலாம்.

நம் நாட்டிலும் இம்முயற்சிகள் உண்டு என்பதை மறத்தலாகாது. அகமதாபாத்தில் தோன்றிய ஆஸ்வீகீப்சர்ச்சிங் குழுவின் ‘ஸியா’ (2017), டில்லியின் பீட்டர் கேட் ரெக்கார்டிங் கம்பெனி வெளியிட்ட ‘பீட்டா’ (2024), நம் சென்னையின் எஃப்16ஸ் குழுவின் பாடல்கள் ஆகியவற்றையும் தேடிக் கேளுங்கள். அவற்றைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

இறுதியாக நண்பருக்கு ஓர் அழைப்பு. வரும் ஞாயிறு இரவு, உணவுக்கூடம் மூடிய பின் என் அறைக்கு வாருங்கள். முறுக்கு ஊரிலிருந்து வந்திருக்கிறது. 49 நிமிடம் பொறுமையாக உட்கார்ந்து கேட்போம். அதன் பிறகும் இது பாட்டில்லை என்று நீங்கள் கூறினால், அடுத்த ஆண்டுப் பொங்கல் விழாவில் நாற்காலி முழுவதையும் நானே அடுக்குகிறேன்.